ரெண்டு நாளுக்குத்தானுங்க

கரண்டு கசிந்தால் தானே விழுந்து கட் பண்ணுகிற ஈஎல்சிபி பெட்டியை ஒருதரம்கூட டைரக்ட் பண்ணாத, அதாவது அதை விட்டுவிட்டு நேராக லைன் கொடுக்காத வயர்மேன் எங்கள் பக்கம் இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. கீழ்ப்பக்கம் வீட்டுக்குள் போகிற ரெண்டு வயரையும் கழற்றி, மேல்பக்கம் வருகிற வயர்களோடு சேர்த்து முறுக்கிவிட்டால் தீர்ந்தது. 5 நிமிஷ வேலை. நம்பியூர்ப் பக்கத்து வீட்டில் நான் செய்ததும் அதுதான். விடிந்தால் காதுகுத்து. வீடு நிறைய ஒரம்பரை. இருட்டினதிலிருந்து பெட்டி விழுவதும், யாராவது ஓடிப்போய்த் தூக்கிவிடுவதுமாக இருந்தது.

"இன்னைக்குக் கரண்டு நின்னாப் போதுமுங்க. நோம்பி முடிஞ்சு சாவகாசமாப் பாத்துக்கலாம்" என்றார் பெரியவர். எல்லா வீட்டிலும் சொல்வதுதான், அது காதில் நிற்கவில்லை. நின்றது அவர் மகள் கேட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈஎல்சிபி இருக்கிற டிபி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மணி.

"ஏனுங்ணா, பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டா. இப்படி விட்டா ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ரெண்டு நாளுக்குத்தானுங்க அம்மணி."

கேட்டது ஆபத்து உண்டா என்று. நான் சொன்னது எத்தனை நாள் என்று. அந்த அம்மணி தலையாட்டியது. நானும் டெஸ்டரைப் பைக்குள் போட்டேன்.

லோடு கூடினால் விழுகிற எம்சிபிதான் இருக்கிறதே என்று வண்டியில் வரும்போது நினைத்தேன். 22 வருஷம் தொழில் பார்த்தவன் நினைக்கக் கூடாத நினைப்பு. எம்சிபி இருப்பது வயர் கருகாமல் இருக்க. 6 ஆம்பியர் எம்சிபி, அந்த 6-ஐத் தாண்டினால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். ஈஎல்சிபி 30 மில்லி ஆம்பியரில் விழும் (அதே வேலைக்கு இப்போது வருவதெல்லாம் ஆர்சிசிபி, எங்களுக்குத்தான் வாய் மாறவில்லை). இரண்டுக்கும் நடுவே 200 மடங்கு. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்கு இறங்கினால் கணக்கு இடிக்கும், உடனே கட். எம்சிபிக்கு அப்படிக் கொஞ்சம் போவது தெரியக்கூடத் தெரியாது. தவழ்கிற குழந்தைக்கோ கையும் முட்டியும் எப்போதும் தரையில், கை எந்நேரமும் எச்சிலில்.

இன்னொரு விதமாகவும் மனதைத் தேற்றியிருக்கிறேன். ஈஎல்சிபி இருந்தாலும் எல்லாம் காப்பாற்றிவிடாது. கொண்டை ஊசியை விரித்து ரெண்டு ஓட்டையிலும் ஒருசேரச் சொருகினால் போன கரண்டு அப்படியே நியூட்ரலில் திரும்பிவிடும். கணக்கு சரியாக இருக்கும், பெட்டி விழாது. அதற்கு ஷட்டர் வைத்த சாக்கெட்தான் வேண்டும். எர்த் பின் மற்ற ரெண்டையும் விட நீளம். அது முதலில் போய்த் தள்ளினால்தான் கீழே இருக்கிற ஓட்டைகள் திறக்கும். நம்ம ஆட்கள் ரெண்டு பின் சார்ஜர் போகவில்லை என்று எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறப்பார்கள். நாலு தடவை அப்படிக் குத்தினால் ஷட்டர் உடைந்து திறந்தபடி நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பித்தளை மின்னும். அந்த வீட்டு ஹாலில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் 4 பாயிண்ட்; ரெண்டில் பித்தளை தெரிந்தது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் மூடியை நான் சொல்வதில்லை. லூசாக இருந்தால் குழந்தையே பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். சாக்கெட்டையே மாற்றுவது நல்லது. புது வீடென்றால் தாழ்ந்த பாயிண்டுகளுக்குத் தனி எம்சிபி கொடுத்துவிட்டால், குழந்தைக்கு விவரம் தெரிகிற வரை அணைத்தே வைக்கலாம்.

இதெல்லாம் சரி. பித்தளை தெரிந்ததே, அதையாவது அன்றைக்குச் சொன்னேனா என்றால், இல்லை.

அன்று செய்திருக்க வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன், அப்படியும் பெட்டி நிற்கவில்லை. எம்சிபி கரண்டு வருகிற பேஸ் வயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைப்பில்தான் இருக்கும். அப்படியானால் எங்கோ நியூட்ரல் எர்த்தில் தொடுகிறது. நியூட்ரல் எல்லாம் ஒன்றாகச் சேருகிற லிங்க்கிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றினதும் நிற்கிறதோ அந்த லைனில் கோளாறு. அந்த நியூட்ரலுக்கு டேப் சுற்றி, அதன் எம்சிபியை இறக்கி வைத்துவிட்டால் மற்ற வீடு முழுக்க எரியும், ஈஎல்சிபியும் வேலை செய்யும். ஒரு ரூம் மட்டும் இருட்டு.

ஆனால் லிங்க்கில் 8 வயர், எதற்கும் நம்பர் இல்லை, நியூட்ரலுக்குப் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. இன்வெர்ட்டர் போட்டவர் அவர் பங்குக்கு ஒன்றை எங்கிருந்தோ இழுத்திருந்தார். செல்போன் வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். பின்னால் சமையல்காரர்கள் கிரைண்டருக்குக் கரண்டு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது.

ரெண்டு நாள் என்றது 11 நாள் ஆயிற்று. பெருந்துறையில் ஒரு வேலை இழுத்துக்கொண்டது. போன் போட்டால் பெரியவர், "இப்ப நல்லாத்தானுங்க இருக்குது, என்ன அவசரம்" என்பார். நின்றது கோளாறு இல்லை, அதைச் சொல்கிற வாய்தான் என்று போனில் எப்படி விளக்குவது? விளக்க நான் மெனக்கெடவுமில்லை.

போனபோது கோளாறைப் பிடிக்க 25 நிமிஷம்தான் ஆனது. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு அடி உயரப் பாயிண்டில், சாக்கெட்டை மாட்டுகிற ஸ்குரூ நீளமாகப் போய் நியூட்ரல் வயரின் தோலைக் கிழித்து எர்த் ஆன இரும்புப் பெட்டியோடு தொட்டுக்கொண்டிருந்தது. தெரு லைனில் லோடு குறைவாக இருந்தவரை கசிவு சொற்பம். இருட்டி அங்கே லோடு ஏறினதும், வீட்டு எம்சிபியை இறக்கினாலும் நிற்காத அளவுக்கு 30-ஐத் தாண்டியிருக்கும். ஸ்குரூவை மாற்றி, வயரின் தோல் கசிகிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்து, ஈஎல்சிபியைத் திரும்ப லைனில் சேர்த்தேன். டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், டக்கென்று விழுந்தது. மாசம் ஒருதரம் அமுக்கிப் பாருங்க, விழலேன்னா உடனே கூப்பிடுங்க என்று இந்தத் தடவை அந்த அம்மணியிடமே சொன்னேன். "சரிங்ணா" என்றதோடு சரி, வேறெதுவும் கேட்கவில்லை.

ஷட்டர் உடைந்த சாக்கெட்டுகளை மாற்ற ஹாலுக்குப் போய்க் குனிந்தபோதுதான் பார்த்தேன். தாழ இருந்த 4 பாயிண்டிலும் காயத்துக்குப் போடுகிற வெள்ளை பிளாஸ்டர் ரெண்டு மூன்று அடுக்காக ஒட்டியிருந்தது. ஓரங்கள் அழுக்கேறியிருந்தன, ஒட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜன்னலுக்குக் கீழே இருந்ததில் மட்டும் ஒரு மூலை உரிந்து, ஈரம் பட்டுக் காய்ந்ததுபோல் சுருண்டிருந்தது.