ரோபோ கையில பிழையா, கச்சான் காத்தில பிழையா

போன வருசம் ஃபைனல் இயர் புரொஜெக்டுக்கு நானும் அக்கரைப்பத்தில இருக்கிற என்ட மச்சானும் சேந்து செஞ்ச வேல இது. ரோபோ கை கிடக்கிறது மட்டக்களப்புக் கல்லடியில எங்கட வீட்டு மேசையில, ஓட்டுறது அவன் அங்க இருந்து நெட்டால. கை பழுதாகப் போகுதெண்டா டேட்டாவப் பாத்துப் படிக்கிற ஒரு மெஷின் லேர்னிங் மொடல் முன்னுக்கே சொல்லணும், அவ்வளவுதான். மூணு மாசம் எண்டு நினைச்சம், பத்து மாசம் எடுத்திச்சு.

போட்டது எம்ஜி 996ஆர் சேர்வோ, சொன்ன கோணத்துக்குத் திரும்புற மோட்டர். அதுக்கு 90 பாகைக்குப் போ எண்டா போகும், போனதா இல்லையா எண்டு திருப்பிச் சொல்லாது. அதால மூடியக் கழட்டி உள்ளுக்க கோணத்த அளக்கிற பொட்டென்சியோமீட்டர்ர நடுக்கால்ல ஒரு வயர ஈயம் வச்சு ஒட்டி வெளிய எடுத்து ஈஎஸ்பி 32 எண்ட குட்டிக் கொன்ட்ரோலர் போர்டுக்குக் குடுத்தம் (முதல் சேர்வோவ உருக்கிப்போட்டன், அது வேற கதை). சொன்ன கோணத்துக்கும் போன கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மொடலுக்கு முக்கிய தீனி.

கரண்ட் எவ்வளவு இழுக்குதெண்டு பாக்க ஐஎன்ஏ 219 சென்சர். அதப் பூட்டின இரவே ரீடிங் எல்லாம் குப்பை, கையும் தன்பாட்டுல துள்ளுது. ரெண்டு மணிக்குத்தான் பிடிபட்டிச்சு, சேர்வோவ ஓட்டுற பிசிஏ 9685 போர்டுக்கும் இந்தச் சென்சருக்கும் கொம்பனிக்காரன் வச்ச அட்ரஸ் ஒண்டுதான், ரெண்டும் 40 (ஹெக்ஸ் கணக்கில), ஒண்டுக்குச் சொன்னது மத்ததுக்கும் கேக்கும். சென்சர் போர்டில ஈயம் வைக்கிற ரெண்டு புள்ளிய மாத்தி ஒட்டினா நாலு அட்ரஸ் வரும், அதில 40 மற்றப் போர்டுக்குப் போனா மிச்சம் மூணு. அதால அடி மோட்டர விட்டுட்டு தோள், முழங்கை, மணிக்கட்டு மட்டும் அளந்தம்.

பிழை டேட்டாவுக்கு நாங்களே கைய நாசமாக்கினம். ஸ்குரூவ அரைச்சுத்து இளக்கினம், முழங்கையில ரப்பர்பேண்ட் கட்டினம், கடக்கரை மண் ஒரு சிட்டிகை கியருக்குள்ள போட்டம், அந்தச் சேர்வோ அதோட சரி.

நல்லது எது, பிழை எது எண்டு பிரிக்கிற ரேண்டம் ஃபொரஸ்ட் எண்ட மொடல் 99 வீதம் சரியெண்டு காட்டிச்சு. துள்ளிக்கிட்டு படிப்பிக்கிற சேர்ட்ட காட்டினா அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "டெஸ்டுக்கு வச்ச டேட்டாவும் ட்ரெயினிங் டேட்டாவும் ஒரே ஓட்டத்தில எடுத்ததா தம்பி?" நாங்க டேட்டாவ ரெண்டு ரெண்டு செக்கனா, பாதி பாதி ஒண்டோட ஒண்டு விழ வெட்டி, பொறகு எல்லாத்தையும் கலக்கி வச்சிருந்தம். ஒரே ஆட்டத்தில ஒரு பாதி படிக்கவும் மத்தப் பாதி பரீட்சைக்கும் போயிருக்கு. முழு ஓட்டத்தத் தனியா ஒதுக்கிப் பாத்தா எழுபது கூட வரல்ல.

மச்சான்ட நெட் இழுத்தாலும் பிழையெண்டு கத்தும். கட்டளையெல்லாம் தேங்கி நிண்டு ஒண்டா வந்து விழ கை எகிறும், மொடல் பாவம் என்ன செய்யும். ஒவ்வொரு கட்டளைக்கும் நம்பர் போட்டு, அவன் எப்ப அனுப்பினான் எண்டத விட்டுட்டு, கைக்கு எப்ப வந்து சேந்ததோ அதோட ஒப்பிட்டதுக்குப் பொறகுதான் அடங்கிச்சு.

அடுத்தது கச்சான். திங்கிற கச்சான் இல்ல, தென்மேற்கால அடிக்கிற சூட்டுக் காத்து. டேட்டா எடுத்தது மாரியில, ஜூன்ல கச்சான் தொடங்க மத்தியானத்தில மேசையில கை வைக்கேலாது, பிழையெண்டு ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. சூடு ஏறினா மோட்டர் செப்புக் கம்பிட தடை பாகைக்கு 0.4 வீதமளவுல கூடும், கிரீசும் இளகும், மொடலுக்கு அது வேறொரு கை மாதிரி. மோட்டர்ல டிஎஸ்18பி20 எண்ட சூடு பாக்கிற சென்சர ஒட்டி சூட்டையும் சேத்து உச்சிவெயில்லயும் டேட்டா எடுத்தம். எல்லாப் பிழையையும் நாங்க செஞ்சு காட்டேலாது எண்டதால வழக்கத்துக்கு மாறினதப் பிடிக்கிற ஐசோலேஷன் ஃபொரஸ்டுக்கு மாறி, நல்லா ஓடுற நேரத்த மட்டும் படிக்கக் குடுத்தம். கை சூடாகுதெண்டு அதுக்கு விசிறி பிடிக்க, "பெத்தவளுக்கு ஒருநாள் பிடிச்சியா" எண்டு அம்மா.

ஜூலையில ஒரு இரவு மொடல் முழங்கை, முழங்கை எண்டு விடாமச் சொல்லிச்சு. "கச்சான்தான், விடுடா" எண்டான் மச்சான், நானும் அலார்ம நிப்பாட்டிட்டுப் படுத்திட்டன். அடுத்தநாள் யோகட் கப்பத் தூக்கினது பாதியில தொப்பெண்டு விழுந்திச்சு. கழட்டிப் பாத்தா ஒரு கியர்ல ரெண்டு பல்லு இல்ல. பதிஞ்சு வச்ச லொக்கில மூணு நாளா முழங்கைக் கோடு மெல்ல மெல்ல ஏறி வந்திருக்கு. வாய்மொழிப் பரீட்சையில, வைவாவில, அந்தக் கிராஃபத்தான் முதல் சிலைடாப் போட்டன், அலார்ம நிப்பாட்டினது ஆரெண்டு நல்லகாலம் ஒருத்தரும் கேக்கல்ல.