பேப்பர் இப்போது யார் கையில்?

எங்கள் வீட்டை வாங்குபவர் முன்பணம் கொடுத்த வாரத்திலேயே நான் அட்டைப்பெட்டிகளைக் கட்டத் தொடங்கிவிட்டேன். புத்தகங்கள், கண்ணாடிச் சாமான்கள், மகளின் மேசை விளக்கு, சுவரில் இருந்த படங்கள் எல்லாம் பெட்டிக்குள் போயின. சுவரில் ஆணிகள் மட்டும்தான் மிச்சம். ஒரு மாதத்தில் கிளம்பிவிடுவோம் என்று நம்பினேன். 7 மாதம் ஆயிற்று.

"அக்கா, அடுத்த வாரம் கண்டிப்பா முடிஞ்சிடும்" என்று தரகர் சொல்லுவார். அவர் நல்ல மனிதர், நம்பித்தான் சொன்னார். அந்த வாரமும் வரும், போகும். நான் தினமும் போன் செய்து "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பேன். இல்லை என்றால் அன்று முழுக்க வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுவேன். மகள் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

சிக்கல் 11 வருடத்துக்கு முன்பே அடைத்து முடித்த ஒரு கடனில் இருந்தது. வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் அடமானம் நீங்கியதை யாரும் பதிவு செய்யவில்லை. எங்களுக்கு அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றே தெரியாது. பதிவேட்டைப் பொறுத்தவரை வீடு இன்னும் அடமானத்தில் இருந்தது. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் அதைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

பழைய கணக்கைத் தேடி எடுத்து, கடன் தீர்ந்ததாகக் கடிதம் கொடுக்க எங்கள் பழைய வங்கிக்கு 6 வாரம் பிடித்தது. அதற்குள் வாங்குபவரின் கடன் அனுமதிக்குக் கெடு முடிந்துவிட்டது. கடன் அனுமதிக்கு ஒரு கெடு, மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒரு கெடு, ஒப்பந்தத்துக்கு ஒரு கெடு. ஒன்று இழுத்தால் இன்னொன்று காலாவதியாகிவிடும், அதைப் புதுப்பிக்கும் நேரத்தில் மூன்றாவது போய்விடும். மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார். அதே ஹாலை அதே டேப்பால் அளந்தார். மறுமுனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கண்ணில் நீர் முட்டியது.

அன்று ராத்திரி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். இனிமேல் "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். பேப்பர் இப்போது யார் கையில் இருக்கிறது, அவர் எதற்காகக் காத்திருக்கிறார், அதை நான் கொடுக்க முடியுமா? இந்த மூன்றும்தான் என் கேள்விகள். மறுநாள் காலையில் கேட்டபோதே, என் ஒரு கையெழுத்துக்காக ஒரு விண்ணப்பம் 9 நாளாக மேசையில் கிடப்பது தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

வாங்குபவர் வீட்டாரோடு நேரில் பேசியதும் அந்த வாரம்தான். விலையைக் குறைக்கத்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று மனசுக்குள் சந்தேகம் வளர்த்து வைத்திருந்தேன். அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவர்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம், அவளும் என்னைப் போலவே தூக்கமில்லாமல் இருந்தாள். விலையை மாற்றாமல், கெடுவை மட்டும் நீட்டி எழுத்தில் போட்டுக்கொண்டோம். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அடுத்த மாதம் இரு பக்கமும் கசந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பதிவு முடியும் முன்னால் புது வீட்டுக்குத் தேதி குறிக்காதீர்கள். நாங்கள் குறித்து, 2 மாத வாடகையை வீணாகக் கட்டினோம்.

அப்புறம் பெட்டிகளைப் பிரித்தேன். முதலில் மேசை விளக்கு, பரீட்சை நேரம் என்பதால் மகளுக்கு அது தேவைப்பட்டது. படங்களையும் பழைய ஆணிகளிலேயே மாட்டினேன். "அப்போ நாம போகலையாம்மா?" என்றாள் மகள். "போற வரைக்கும் இது நம்ம வீடுதானே" என்றேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினோம்.

பதிவு நாளன்று காலையில்தான் அந்தப் படங்களை மறுபடி இறக்கினேன். ஆணிகளைப் பிடுங்கவில்லை. அந்தப் பெண் கேட்டிருந்தாள்.