வளர்ச்சி இல்லை

நம் பள்ளிக்கூட மலருக்கு அந்தக் கால ஞாபகம் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சீட்டுதான்.

1979. நான் ஒன்பதாவது படித்தேன். சம்பா நடவு முடிந்து அடைமழை பிடித்திருந்தது, பாமணி ஆறு இரு கரையையும் தொட்டு ஓடியது, வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி இருமல். பக்கத்தில் உட்காரும் தோழியின் தம்பிக்கு மூன்று வயது, அவனுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் ஊரிலேயே ஊசி போட்டார்கள், மறுநாளும் போட்டார்கள், மூன்றாம் நாள் கழுத்து விறைத்து வலிப்பு வந்த பிறகுதான் மாட்டு வண்டியில் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்துவிட்டான். ஆனால் இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை.

தோழியின் அப்பா ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். அது இங்கிலீஷில் இருந்தது. நம் அறிவியல் சார் வாங்கிப் படித்துவிட்டு, "கிருமி எதுவும் வளரலைன்னு போட்டிருக்குங்க" என்றார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "கிருமியே இல்லன்னா புள்ளைக்கு எப்படிங்க காது போச்சு?" என்று கேட்டார். சார் எதையாவது சொல்லிச் சமாளிக்கவில்லை, தெரியலைங்க என்றே சொன்னார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

அவரிடம் ஒரு பழைய பித்தளை மைக்ராஸ்கோப் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? வைக்கோலை நாலு நாள் ஊறவைத்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் காட்டுவார், ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துத் திருப்பத் திருப்ப, செருப்பு வடிவத்தில் ஏதோ நீந்திப் போகும். அந்தச் சீட்டு வந்த வாரத்தில் நான் அவரிடம் போய், தம்பி உடம்பில் இருந்த கிருமியை இதில் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அது இதைவிட ரொம்பச் சின்னது, சாயம் ஏற்றினால்தான் தெரியும், அதையும் முதலில் வளர்க்க வேண்டும் என்றார். எதில் வளர்ப்பார்கள் என்று கேட்டதற்கு, "நோம்புக்கு உங்க கூட்டாளி கொண்டுவருதே கடல்பாசி, அதுலதான்" என்றார். கூத்தாநல்லூரிலிருந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ரம்ஜான் மாசத்தில் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிய கடல்பாசியை டப்பாவில் எடுத்து வருவார்களே, அதைத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் பட்டது. பிறகு எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் தெரிந்தது, சார் சொன்னது அப்படியே உண்மை. கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில், கிருமியை வளர்க்க வைத்திருந்த ஜெலட்டின் கோடை வெக்கைக்கு உருகிப் போய்க்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸியின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸி, தன் சமையலறையில் பயன்படுத்தி வந்த அகர்-அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். 1880-களின் தொடக்கத்தில் நடந்தது இது. நம் கடல்பாசியும் அந்த அகர்தான்.

பிறகு நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு துறை: குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் பாக்டீரியா. அதிலும் பாதிக்கு மேல் நிமோகாக்கஸ் என்ற ஒன்றோடுதான் காலம் போனது. கிராம் சாயம் என்று எல்லா ஆய்வுக்கூடத்திலும் போடுகிறார்களே, அதையே ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் பெர்லினில் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைத் தனியாகத் தெரியவைக்கத்தான் கண்டுபிடித்தார். அந்தச் சாயத்தில் நிமோகாக்கஸ் கத்திரிப்பூ ஊதாவில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு தெரியும். வளர்ப்பதுதான் பெரும்பாடு. ரத்தம் கலந்த அகர் வேண்டும், கொஞ்சம் கரியமில வாயு வேண்டும். எங்களிடம் அதற்கான இன்குபேட்டர் இல்லாத நாளில், வாய் அகன்ற ஜாடிக்குள் அகர் ஊற்றிய பிளேட்டுகளை அடுக்கி மேலே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து மூடியை இறுக்கிவிடுவோம், திரி தானாக அணைவதற்குள் தேவையான வாயு சேர்ந்துவிடும். மறுநாள் திறந்தால் சின்னச் சின்னப் பொட்டாக வளர்ந்து, சுற்றியுள்ள ரத்தம் பாசி படிந்த மாதிரிப் பச்சையாக மாறியிருக்கும். இன்னும் ஒரு நாள் விட்டால் ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் பல்லாங்குழி மாதிரிக் குழி விழும். ஏனென்றால் இந்தக் கிருமி தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும், நம் கையில் கிடைத்த பிறகும் நமக்காகக் காத்திருக்காது.

தோழியின் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மேஜையில்தான் கிடைத்தது. முதல் நாளும் இரண்டாம் நாளும் போட்ட கிருமிக்கொல்லி ஊசி, காய்ச்சலை முழுதாக நிறுத்தாவிட்டாலும், ரத்தத்திலும் முதுகு நீரிலும் உள்ள கிருமியை வளரவிடாமல் செய்யப் போதும். சில மணி நேரமே போதும். சின்னக் குழந்தையிடம் எடுக்கக்கூடிய ரத்தமும் ஒன்றிரண்டு மில்லிதான். எடுத்த நீர் ஆய்வுக்கூடத்துக்கு வரும் வரை வெயிலிலோ ஃப்ரிட்ஜிலோ கிடந்தால் மிச்சமும் செத்துவிடும். போதாததற்கு, செம்மறி ஆட்டு ரத்தம் கிடைக்காமல் ரத்த வங்கியில் காலாவதியான ரத்தத்தை அகரில் கலப்பார்கள், அதிலேயே கிருமிக்கு எதிரான பொருள்கள் இருக்கலாம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஹீமோஃபிலஸ் இன்னும் செல்லம், ரத்தத்தைச் சூடாக்கி சாக்லேட் நிறத்துக்குக் கொண்டுவந்தால்தான் அதற்குச் சாப்பாடு கிடைக்கும். ஆக, அந்தச் சீட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. வளரவில்லை, அவ்வளவுதான். இருந்ததா இல்லையா என்பதற்கு அது பதிலே அல்ல.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் பரிசோதனைக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தத்தை எடுத்த கையோடு மருந்தை ஏற்ற வேண்டும். எடுக்க முடியாவிட்டால் மருந்துதான் முதலில்.

1994-ல் இங்கே பிரிட்டனுக்கு வந்தேன். ஹீமோஃபிலஸ் பி தடுப்பூசி இங்கே 1992-லேயே வந்துவிட்டதால், நான் ஊரில் படித்துப் படித்து மனப்பாடம் செய்திருந்த அந்த மூளைக்காய்ச்சலை இங்குள்ள இளைய டாக்டர்கள் பார்ப்பதே அரிதாகிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. 2006-ல் நிமோகாக்கஸ் ஊசியும் குழந்தைகளுக்கு வந்தது. இந்தக் கிருமியின் மேலுறை ஒரு சர்க்கரைப் பொருள், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உடம்புக்கு அதைத் தனியாகக் காட்டினால் சரியாக அடையாளம் பிடிபடாது, ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். ஊசி போட்டது குழந்தைகளுக்கு, ஆனால் அந்த ஊசி தடுக்கும் கிருமி வகைகளால் தாத்தா பாட்டிகளுக்கு வந்த நிமோனியாவும் குறைந்தது. கிருமி குடியிருப்பது பிள்ளைகளின் மூக்கின் பின்புறத்தில், அங்கிருந்துதான் மற்றவர்களுக்குப் போகிறது. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு திண்ணையில் தூங்கிய நம் ஊர்ப் பெரியவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ள கிருமி இது, ஊசியில் இல்லாத வகைகள் மெல்லத் தலைதூக்கின, அவற்றைத் துரத்திக்கொண்டுதான் என் வேலையின் பின்பாதி போனது.

நம் ஊருக்கு? ஹீமோஃபிலஸுக்கு எதிரான ஐந்து நோய் ஊசி 2011 டிசம்பரில் வந்தது, அதுவும் நாட்டிலேயே தமிழ்நாடும் கேரளாவும்தான் முதலில். நிமோகாக்கஸ் ஊசி தமிழ்நாட்டு அரசு மையங்களில் 2021-ல் தொடங்கியது. பத்தொன்பது வருஷம், பதினைந்து வருஷம் தாமதம். விலை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை கூட்டங்களில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன், "உங்கள் நாட்டில் இந்த நோய் இவ்வளவு இருக்கிறது என்பதற்கு எண்ணிக்கை எங்கே?" என்று. எண்ணிக்கை எப்படி வரும்? கிருமிக்கொல்லி போட்ட பிறகு எடுத்த நீர், வழியில் செத்த கிருமி, 'வளர்ச்சி இல்லை' என்று ஆயிரம் சீட்டு. அந்தச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து நோய் குறைவு என்று முடிவுகட்டினால் காது போன பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது? அதனால்தான், கிருமியை வளர்க்காமலே அதன் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை வந்ததும் நான் அதில் விழுந்து கிடந்தேன். செத்த கிருமியின் டிஎன்ஏ கூட அதில் பேசும், நிமோகாக்கஸுக்கே உரிய லைட்ஏ என்ற ஜீனைத் தேடினால், பிளேட்டில் ஒன்றுமே வளராத நீரிலும் அது கிடைக்கும். வெறும் பிளேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிருமி இருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் மேலே ஏறுவதை முதல்முறை பார்த்த அன்று நான் அழுதேன்.

போன வருஷம் தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தோழியின் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து பதினான்கு வாரம். புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் தோழியின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன் அல்லவா, அவன்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்தானாம். டிராக்டர் ஓட்டுகிறான், எஞ்சின் அதிர்வைக் கையால் தொட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று ஊரில் பெயர். நர்ஸம்மா ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று என்று போட்டார். குழந்தை வாயைத் திறந்து வீறிட்டது. அவன் அதன் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டு, இரண்டு தொடையையும் சுட்டிக் காட்டி, எதற்கு இத்தனை என்று என்னைப் பார்த்துக் கையை விரித்தான்.

நான் குழந்தையின் காதைத் தொட்டுக் காட்டினேன்.