முதுகில் ஒட்டிய மாத்திரை

தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இரண்டு மாதமாக ஒரு வலி. நடந்தால் ஒன்றுமில்லை, ராத்திரி புரண்டு படுத்தால் சுள்ளென்று இழுக்கும். டாக்டர் முதுகை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, டார்சல் ஸ்பைனுக்கு, அதாவது நடுமுதுகெலும்புக்கு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு படிவம். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் பிளேட், கிளிப் உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா? கடைசிக் கேள்விதான் புதிராக இருந்தது. கண்ணுக்குள் தங்கிய துகளை ஸ்கேன் மெஷினில் இருக்கும் காந்தம் இழுத்துவிடுமாம். படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் ஓயாது என்பதால் மோதிரம், சாவி எல்லாம் வெளியிலேயே.

"எங்க வலிக்குது, விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார் டெக்னீஷியன். கையை முறுக்கிக் காட்டினேன். அந்த இடத்தில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை வைத்து பிளாஸ்டர் ஒட்டினார்! வைத்தியமா என்று கேட்டேவிட்டேன். எண்ணெய் படத்தில் வெள்ளையாகத் தெரியும், எந்த எலும்புக்கு நேரே வலி என்பதற்கு அது அடையாளமாம். நடுமுதுகின் 12 எலும்புகளும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், கழுத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து மேலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள் என்றார்.

மாத்திரை உறுத்த மல்லாந்து படுத்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை, காதில் இயர் பிளக், கையில் அவசரத்துக்கு அழுத்த ஒரு ரப்பர் பந்து. சத்தத்தைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். தட்டல், பிறகு டிரில், பிறகு தட்டல். பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. என்னைப் படுத்தியது எச்சில்தான். நெஞ்சும் தொண்டையும் அசைந்தால் படம் கலங்கும், சத்தம் நிற்கும்போது மட்டும் விழுங்குங்கள் என்று சொன்ன நொடியிலிருந்து வாயெல்லாம் ஊறல். அடக்கி அடக்கி, மூன்றாவது சுற்றில் இருமிவிட்டேன். "அசைஞ்சுட்டீங்க. இத மறுபடி எடுக்கணும்" என்றது ஸ்பீக்கர். இன்னொரு நான்கு நிமிடம். கண்ணை முதலிலேயே மூடிக்கொண்டது நல்லதாயிற்று. மூக்குக்கு மேலே அவ்வளவு கிட்டத்தில் கூரை இருப்பதை வெளியே வரும்போதுதான் பார்த்தேன்.

ரிப்போர்ட்டில் 7-வது எலும்புக்கும் 8-வது எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று இருந்தது. பாதி உயிர் போய்விட்டது. டாக்டர் படத்தில் அந்த வெள்ளைப் பொட்டைக் காட்டினார். பிதுக்கத்துக்கு இரண்டு எலும்பு மேலே இருந்தது. "வலியே இல்லாதவங்களுக்கும் இப்படிப் பிதுங்கியிருக்கும். இது தண்டுவடத்தத் தொடக்கூட இல்ல" என்று சொல்லி, பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதினார்.