ரிச்சர்டின் எலும்புக்கூடுதானா? என் சந்தேகம் தீர்ந்த விதம்

லெஸ்டர் நகரத்து கார் நிறுத்துமிடத்தில் 2012-ல் கிடைத்த எலும்புக்கூடு, 1485-ல் போஸ்வர்த் போரில் இறந்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று அறிவித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. தோண்ட ஆரம்பித்த முதல் நாளே கால் எலும்பு தட்டுப்பட்டது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? 2014 டிசம்பரில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் மரபணு ஆய்வுக் கட்டுரை வந்ததும் முழுதாகப் படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். நான் உயிரியல் படித்தவள் இல்லை, அதனால் மெதுவாகத்தான் நகர்ந்தது.

தாய்வழிச் சான்று சீக்கிரமே புரிந்தது. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே வரும். ரிச்சர்டின் அக்கா ஆனின் பெண்வழி வாரிசுகள் இருவரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு முழுப் பொருத்தம், இன்னொருவருக்கு மரபணு வரிசையில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். ஐரோப்பாவில் அபூர்வமான வகை அது.

தந்தைவழியில்தான் நின்றுவிட்டேன். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ரிச்சர்டின் தந்தைவழி மூதாதையரான அரசர் மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியில் வந்ததாக ஏட்டில் உள்ள ஐந்து ஆண்களில் ஒருவருடைய ஒய் குரோமோசோமும் எலும்புக்கூட்டோடு பொருந்தவில்லை. அப்படியானால் ஆள் வேறா? அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு ஒத்துப்போகவில்லை. பல தலைமுறைச் சங்கிலியில் எங்காவது ஒரு பிள்ளையின் தகப்பன் ஏட்டில் இருப்பவர் இல்லையென்றால், அதற்குக் கீழே எல்லாமே மாறிவிடும். தாய் யார் என்பதில் அந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு.

இது வேறொருவருடைய எலும்பாகவும் இருக்கலாம் என்ற வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹிக்ஸின் ஆட்சேபம் எனக்கு இன்னும் நியாயமாகவே படுகிறது. எலும்பின் வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறை தரும் காலம் பல பத்தாண்டுகள் அகலமானது. அந்தக் காலத்துப் போர்களில் செத்தவர்களும் ஏராளம். ஆனால் முப்பதைத் தாண்டிய வயது, மண்டையோட்டில் ஒன்பது காயங்கள், வலது தோளை உயர்த்திக் காட்டும் முதுகுத்தண்டு வளைவு, ரிச்சர்டைப் புதைத்ததாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஜான் ரௌஸ் எழுதிவைத்த அதே மடாலயத் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கான பகுதி, இத்தனையும் ஓர் உடம்பில் சேர்ந்த இன்னொரு ஆளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாச் சான்றுகளையும் சேர்த்து ஆய்வாளர்கள் போட்ட நிகழ்தகவுக் கணக்கை ஆரம்பித்த இடம்தான் என்னை முழுதாக நம்பவைத்தது. இது ரிச்சர்டாக இருக்க வாய்ப்பு 40-ல் ஒன்றுதான் என்று தங்களுக்கே எதிராக வைத்துத் தொடங்கியும் 99.999 சதவீதத்தில் வந்து முடிகிறது. கட்டுரை இணையத்தில் இலவசம். சந்தேகம் இருப்பவர்கள் அந்தக் கணக்குப் பகுதியை முதலில் படியுங்கள், தந்தைவழிப் பகுதியை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.