புரூனோவின் அடிமுடி ஒருவழியாகக் காய்ந்தது

காய்ந்துவிட்டது. மேலாக இல்லை, தோல் வரைக்கும். குளிப்பாட்டிய மறுநாள் காலையில் என் நாய் புரூனோவின் பிடரி முடிக்குள் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். அந்த ஈரக்கோணி வாடை இல்லவே இல்லை. லாங் கோட் ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதுவும் தண்டையார்பேட்டையில், கார்த்திகை அடைமழையில், ஜீன்ஸ் பேண்ட் கொடியிலேயே பூஞ்சை பிடிக்கிற நேரத்தில்.

குளிப்பதற்கு முன்னாலேயே சிக்கு எடுத்துவிட வேண்டும், நனைந்தால் சிக்கு இறுகிவிடும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷாம்பு கதையையும் விட்டுவிடுகிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. நுரையும் வராது, பிசுபிசுப்பும் போகாது. அதனால் முதல் அலசல் போரில், கடைசி அலசல் மெட்ரோ தண்ணீரில். "இன்னாபா, நாய்க்கு மெட்ரோ தண்ணியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கத்தான் செய்தார். கேட்கட்டும். அலசல் சரியில்லை என்றால் அப்புறம் எவ்வளவு காய வைத்தும் பிரயோஜனம் இல்லை.

இனி காய வைக்கிற விஷயம். நாய் முடியைக் காய வைக்கிற காற்றடி மெஷின்தான் புளோயர். அது செய்வது ரெண்டு வேலை. முதலில் தண்ணீரை அடித்து வெளியே தள்ளுகிறது. இது எந்தக் காற்றிலும் நடக்கும். அதற்குப் பிறகு முடியில் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாக வேண்டும். மொட்டை மாடியில் அது நடக்கிறதே இல்லை. காசிமேட்டுக் கடல் பக்கமிருந்து வருகிற காற்று ஏற்கெனவே தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. மணிக்கணக்கில் அடித்தாலும் மேல்முடி பளபளக்கும், விரலை உள்ளே விட்டால், தோலை ஒட்டி இருக்கிற அடிமுடி சில்லென்று இருக்கும். அந்த ஈரம் தங்கினால் என்ன ஆகும் என்று போன மழைக்காலத்தில் பார்த்தாயிற்று. காதுக்குக் கீழே ஹாட் ஸ்பாட், அதாவது தோல் அழற்சி. சொறிந்து சொறிந்து ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் அந்த இடத்தை மட்டும் சிரைத்து மருந்து போட்டுவிட்டார்கள்.

அதனால் இந்த முறை ஏசி அறை. ஏசியை டிரை மோடில் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். அறையின் ஈரத்தை ஏசி இழுத்துக்கொள்கிறது, மோட்டார் சூட்டில் நாய்க்கு இரைப்பும் வருவதில்லை. சிக்கல் கரண்டில் வந்தது. என் புளோயர் 2,400 வாட்ஸ். அந்த அறையில் இருக்கிற ஒரே 15 ஆம்ப் பிளக்கை ஏசி பிடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரண 5 ஆம்ப் பிளக்கில் சொருகினால் பிளக்கே உருகிவிடும். எலக்ட்ரீஷியன் தம்பியை வரவழைத்து, சமையலறை பவர் பிளக்கிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் எக்ஸ்டென்ஷன் போட்டாயிற்று. ரெண்டும் தனித்தனி லைன், டிரிப் ஆகவில்லை. அம்மாவுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஏசி அறைக்குள் நாயை ஏற்றியதுதான் வருத்தம்.

அடிக்கிற விதம்தான் முக்கியம். காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துண்டு. பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, முகத்துக்குப் போகவே கூடாது. கூம்பு நாசிலை முடிக்கு எதிர்த்திசையில் பிடித்தால் முடி விலகி, தோல் வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் சிதறுகிற வரைக்கும் நாசிலை நகர்த்தாதீர்கள். சிதறல் நின்றதும் அரை அங்குலம் தள்ளுங்கள். ஆசைப்பட்டு அங்கும் இங்கும் வீசினால் மேல்முடிதான் காயும். ஈரமான முடி நுனியில் கூராகச் சேர்ந்திருக்கும். காய்ந்தது இழை இழையாகப் பிரியும், கூடவே பொடுகும் பறக்கும். மோட்டார் காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் அப்போதைக்கு எல்லாமே காய்ந்தது போலத்தான் தெரியும். நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துப் புறங்கையை உள்ளே விட்டுப் பாருங்கள். எங்கே சில்லிடுகிறதோ அங்கே மறுபடியும். புரூனோவுக்கு அக்குளிலும் காலர் போடுகிற இடத்திலும் சில்லிட்டது.

நடுவில் புளோயரிலிருந்து கருகல் வாடை வேறு. திறந்து பார்த்தால் மோட்டாருக்குள் கரண்ட் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்து கிடக்கிறது. வாங்கின இடத்தில் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். பாரிமுனைப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பழையதைக் காட்டினேன், வேறு மோட்டாரின் பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்து அளவாக்கிக் கொடுத்துவிட்டார் பெரியவர். டீக்காசு மாதிரி ஒரு தொகைதான் வாங்கினார். புளோயர் வைத்திருப்பவர்கள் ஒரு ஜோடி கார்பன் பிரஷ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் முடி அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இவ்ளோ கஷ்டம் எதுக்கு சார், ஜீரோ அடிச்சுடலாம், நாய்க்கும் கூலா இருக்கும்" என்று ஒரு குரூமிங் கடையில் சொன்னார்கள். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்கிறது. மேல்முடி வெயிலைத் தோலில் படவிடாமல் தடுக்கிற கூரை. வழித்துவிட்டால் அடிமுடி முந்திக்கொண்டு வளரும், மேல்முடி சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாகத்தான் திரும்பும், சிலதுக்கு மாதக்கணக்கில் வராமலே கிடக்கும். கொட்டுகிற அடிமுடியை ரேக் என்கிற அகலப் பல் சீப்பு போட்டு எடுத்தாலே போதும், காற்று உள்ளே போகும்.

அடுத்து மேஜை. குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் சொல்லியிருக்கிறேன், மேலே பிளைவுட், அதற்கு மேல் ரப்பர் பாய். 38 கிலோ நாயைத் தூக்கி வைக்க முடியாது, அதனால் ஏறிவர ஒரு சாய்வுப் பலகையும் வேண்டும். ஓரத்தில் கழுத்துக் கயிறு மாட்டுகிற கம்பியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைப்பதா, நிரந்தரமாகப் பற்றவைப்பதா என்று முடிவாகவில்லை.

வாலும் பின்தொடைக் குஞ்சமும் காய்ந்துவிட்டன, ஆனால் சீப்பு போடவில்லை. அந்த நீள முடியில் கூம்பு நாசிலை வைத்தால் நுனிகள் சாட்டையாய் அடித்து முடிச்சு விழும். நாசிலைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, மெல்லிய கம்பிப் பல் வைத்த ஸ்லிக்கர் பிரஷ்ஷால் நீவிக்கொண்டே காய வைத்தேன். அதற்குள் அவனுக்கும் பொறுமை போய்விட்டது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பல் நீளமான ஸ்டீல் சீப்பு கொளத்தூர் கடைகளில் கேட்டேன், எல்லாம் குட்டைப் பல்தான் வைத்திருக்கிறார்கள். மூர் மார்க்கெட் பக்கம் யாராவது பார்த்திருந்தால் விலையோடு சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகிற வேலை இருக்கிறது.