அனுபவம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது

சிகாகோவின் லிட்டில் வில்லேஜ் பகுதியில் இளைஞர் மையம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பள்ளி முடிந்து வருகிற பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பது, வேலைக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்காணலில் பேசவும் பழக்குவது என் பொறுப்பு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது லா வில்லீட்டா. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். 26ஆம் தெருவில் வரவேற்பு வளைவைத் தாண்டினால் ரொட்டிக்கடைகள், பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கான கவுன்களைக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கும் கடைகள், சோளம் விற்கும் தள்ளுவண்டிகள் என்று தெரு நிறைந்திருக்கும்.

ஒரு நாள் எல்லோருக்கும் விண்ணப்பப் படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பெயர், முகவரி, பள்ளி எல்லாம் எழுதிவிட்டு, அனுபவம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"எனக்கு எதுவும் இல்லை, மிஸ்."

"சரி, நேற்று ஏன் வரவில்லை?"

பாட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். பாட்டிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் அளவை மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பாட்டிக்கு ஸ்பானிஷில் சொல்லி, பாட்டி கேட்டதைத் திரும்ப ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அதற்கு முந்தைய வாரம் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, பாக்கியைத் தவணையில் கட்ட அவகாசம் வாங்கியிருக்கிறாள். அப்பா வண்டியில் தமாலே விற்பவர். சோள மாவுக்குள் கறி வைத்து, சோள மடலில் சுற்றி, ஆவியில் வேகவைக்கும் பண்டம் அது. சமைத்த உணவைத் தள்ளுவண்டியில் வைத்து விற்க சிகாகோ நகரசபை 2015இல்தான் சட்டப்படி இடம் கொடுத்தது. உரிமம் பெற்ற சமையலறையில் தயாரிக்க வேண்டும், அதற்குத் தனித் தாள்கள், கட்டணம் என்று எத்தனையோ இருந்தன. அவ்வளவையும் படித்து அப்பாவுக்கு விளக்கியவள் இவள்தான். இதில் எதுவும் அவளுக்கு அனுபவமாகத் தோன்றவில்லை. வீட்டுவேலை என்று நினைத்திருந்தாள். கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே பேனாவை எடுத்து, "மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு" என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள். பாட்டியின் சிறுநீரகம் மோசமாகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னதை அவள் அப்படியே சொல்லவில்லை. கவனமாக இருக்கச் சொல்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மூன்று மாதமாக வீட்டில் அந்த உண்மை தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

அந்தச் சாயங்காலம் எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. திறமை என்று நான் கொண்டாடப் பார்த்தது அவளுக்குச் சுமை. அமெரிக்க மருத்துவமனைகள், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில், குழந்தைகளை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2016இல் மத்திய அரசின் விதி வந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நோயாளி கேட்கலாம், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது.

அடுத்த மாதம் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மையத்துக்கு அழைத்தோம். நான் அங்கே பார்த்த வகுப்புகளில் இதைவிட நல்லதைச் சொல்ல மாட்டேன். நோயாளி "எனக்கு வலிக்கிறது" என்றால் "அவருக்கு வலிக்கிறதாம்" என்று மாற்றாமல் "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்ல வேண்டும், எதையும் சேர்க்கவோ விடவோ கூடாது, சொல் தெரியாவிட்டால் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று அவர் நடித்துக் காட்டினார். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். ஒவ்வொருவரும் ஏழெட்டு வயதிலிருந்து செய்துகொண்டிருக்கும் காரியம், ஒரு தொழில், அதற்கென்று முறைகள் இருக்கின்றன என்பதை அன்றுதான் அவர்கள் கேட்டார்கள். ஒரு பையன் எழுந்து, "அம்மா அழுதால் என்ன செய்வது?" என்று கேட்டான். அவர் அதற்கும் நிதானமாகப் பதில் சொன்னார். அந்த இடத்தில் மகனாக இருக்கிற உரிமை உனக்கு உண்டு, வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்றார்.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். முதல் வருடம் என் வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்று விதி போட்டிருந்தேன். நேர்காணலுக்கு நல்லது என்று நம்பினேன். சலசலவென்று பேசும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். என்னோடு வேலை பார்த்த மூத்த பெண்மணி ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். டெக்சாஸில் படித்தபோது பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கியவர் அவர். அந்த மாநிலத்தில் ஒரு தலைமுறையே அப்படித்தான் படித்தது. அதனால்தான் பல வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளோடு ஸ்பானிஷ் பேசுவதை நிறுத்தினார்கள். இப்போது அந்தப் பேரப்பிள்ளைகளை "நோ சாபோ" என்று சொந்தக்காரர்களே கேலி செய்கிறார்கள். "தெரியாது" என்பதற்கு "நோ சே" என்று சொல்ல வேண்டும். "நோ சாபோ" என்பது குழந்தைகள் செய்யும் பிழை. மொழியைப் பிடுங்கிய தலைமுறையை யாரும் கேட்பதில்லை, பறிகொடுத்த பிள்ளைதான் பதில் சொல்கிறது.

மறுநாளே விதியை எடுத்துவிட்டேன். நேர்காணல் பயிற்சியை இரண்டு மொழியிலும் வைத்தோம். ஸ்பானிஷில் நம் நீ, நீங்கள் போல தூ, உஸ்தெத் என்று இருக்கிறது. ஆங்கிலப் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளைகள் வாடிக்கையாளராக நடித்த முதியவரைத் தூ என்று அழைத்துவிட்டு, அவர் முகம் மாறியதைப் பார்த்துப் பதறினார்கள். மரியாதையும் வேலைத்திறன்தான் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு மொழியிலும் தேறிய மாணவருக்கு மேல்நிலைப்பள்ளிச் சான்றிதழில் முத்திரை தரும் சட்டத்தை இல்லினாய் மாநிலம் 2013இல் கொண்டுவந்தது. அதைப் பற்றி எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கேள்விப்பட்டதே இல்லை. தேர்வு பற்றி விசாரித்து ஒவ்வொருவரையும் நச்சரித்தேன்.

பெயர் விஷயம் இன்னொன்று. அவர்கள் அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். படிவங்களில் ஒன்றுக்குத்தான் இடம், அநேகமாக அம்மா காணாமல் போவாள். இனிஷியலோடு வந்த எனக்கு இது நன்றாகப் புரிந்தது. பழைய அலுவலகத்தில் வருடக்கணக்காக என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஸ்பானிஷில் பெஞ்ஞா என்று ஒரு குடும்பப்பெயர் உண்டு, பாறை என்று பொருள். நடு எழுத்தின் மேலுள்ள நெளிகோட்டை விட்டுவிட்டால் பெனா, துயரம், வெட்கம் என்று ஆகிவிடும். மையத்தின் பதிவுப் படிவத்தை நானே திருத்தி, நெளிகோடு உள்ளே போகும்படி, இரண்டு பெயருக்கும் இடம் இருக்கும்படி செய்தேன். அங்கே நான் செய்த கணினி வேலையில் மனதுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பக்கத்துப் பில்சன் பகுதியில் மெக்சிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1982இல் கார்லோஸ் தோர்த்தொலேரோ என்ற ஆசிரியரும் சக ஆசிரியர்களும் தொடங்கிய முயற்சி, 1987இல் கதவைத் திறந்தது. இன்றும் நுழைவுக் கட்டணம் இல்லை. அவர்களுடைய இளைஞர் பிரிவின் பெயர் யோயோகாயி. நவாத்தில் என்ற மெக்சிகோப் பழங்குடி மொழியில் இதயம், வீடு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர் அது. அங்கே பிள்ளைகள் சுவரோவியம் வரைகிறார்கள், வானொலி நிகழ்ச்சி செய்கிறார்கள். நவம்பரில் இறந்தோர் நாள் கண்காட்சிக்கு எங்கள் பிள்ளைகளையும் கூட்டிப்போவேன். அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வருடம் மையத்திலேயே படையல் மேடை அமைத்தார்கள். வாங்கிய பூ செம்பசூச்சில், நம் செண்டுப்பூ. அது மெக்சிகோவிலிருந்து எங்கள் ஊர் வந்த பூ, இன்று எங்கள் மாலைகளில் இருக்கிறது என்றேன். யாரும் நம்பவில்லை, போனில் எங்கள் ஊர்ப் பூச்சந்தைப் படத்தைக் காட்ட வேண்டியிருந்தது. செலவுக் கணக்கு, விளக்க அட்டைகள் இரண்டு மொழியிலும், வந்தவர்களுக்கு எடுத்துச் சொல்வது, எல்லாம் அவர்களே. குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு பையன், என் பாட்டி மொழி ஸ்பானிஷே இல்லை, மாயா மொழி என்று மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்த்தான்.

அந்தப் பெண் கடைசியில் கட்டத்தை நிரப்பினாள். "குடும்பத்துக்காக மருத்துவம், கட்டணம், உரிமம் தொடர்பான மொழிபெயர்ப்பு, எட்டு வருடம்." வேலைக்கு ஆங்கிலத்தில் ஒன்று போதும், ஆனாலும் ஸ்பானிஷிலும் ஒன்று எழுதி வீட்டுக்கு எடுத்துப்போனாள். பாட்டியிடம் சிறுநீரக விஷயத்தையும் அன்றுதான் சொன்னாளாம். மறுநாள் கொண்டுவந்து காட்டிய தாளில், அவள் விட்டிருந்த உச்சரிப்புக் குறிகளையெல்லாம் பாட்டி பென்சிலால் போட்டிருந்தார்.